மாரிக்கும் கோடைக்கும் நடுவே ஒரு மரக்கறித் தோட்டம்: மட்டக்களப்பு, அம்பாறை வளவுகளுக்கு முழுமையான வழிகாட்டி

கனடாவில் இருக்கும் என் மச்சாள் பங்குனி மாதத்தில் ஜன்னலோரத்தில் தக்காளி விதை போடுவாள். வெளியே பனி கொட்டிக் கிடக்கும். வசந்தம் வந்து நிலம் இளகிய பிறகும் நாற்றை உடனே வெளியே நடமாட்டாள். "கடைசி உறைபனி எப்ப விழும் எண்டு தெரியாது. ஒரு இரவு போதும், எல்லாம் கருகிப்போகும்" என்று தொலைபேசியில் சொன்னாள். அதைக் கேட்டபோது எங்கள் வளவுதான் நினைவுக்கு வந்தது. அவளுக்கு உறைபனி, நமக்கு மாரி மழை. மழை விட்டுவிட்டது என்று நம்பி நட்ட நாற்று, வங்காள விரிகுடாவில் அடுத்த தாழமுக்கம் உருவானதும் தண்ணீருக்குள் நிற்கும்.

2011 தை மாத வெள்ளம் மட்டக்களப்பில் யாருக்கும் மறந்திருக்காது. அந்த வெள்ளம் வற்றியதும் தை கடைசியில் அறுபது கொச்சிக்காய் நாற்று நட்டேன். மாசி தொடக்கத்தில் மழை மறுபடியும் கொட்டியது. ஒன்றுகூட மிஞ்சவில்லை, கையிலும் வேறு நாற்று இல்லை. புதிதாக விதை போட்டு எடுப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. அந்த வருடம் முழுக்கக் கொச்சிக்காயைக் கடையில்தான் வாங்கினோம். அன்றிலிருந்து நான் கைக்கொள்ளும் முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அதன் அடிப்படை இரண்டு விஷயம்: கையில் எப்போதும் நாற்று இருக்க வேண்டும், நடும் நாளைக் கலண்டரை விட்டுவிட்டு நிலத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

முதலில் மழையின் கணக்கு

மட்டக்களப்பில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,600 முதல் 1,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் கார்த்திகை, மார்கழி, தை (நவம்பர், டிசம்பர், ஜனவரி) ஆகிய மூன்று மாதங்களில் வந்துவிடும். மாசியிலிருந்து குறையும். வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். மலைநாட்டின் மறுபக்கம் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி நம் பக்கம் இறங்கும் காற்று அது. ஆக, தண்ணீரும் இருந்து வெயிலும் கடுமையாகாமல் இருக்கிற நல்ல காலம் தையிலிருந்து சித்திரை வரைதான். நமக்கு வசந்தம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்த நான்கு மாதமே. அதன் தொடக்கம்தான் ஒவ்வொரு வருடமும் முன்பின்னாகிறது.

வீட்டிலேயே மழையை அளந்து பாருங்கள். பக்கம் நேராக உள்ள ஒரு பால்மா டின்னை மரம், கூரை மறைக்காத இடத்தில் வைத்து, காலையில் அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தை அளந்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லீட்டர் தண்ணீர். 100 மில்லிமீட்டர் பெய்த நாளில் ஒரு மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளமுள்ள பாத்தியின் மேல் 500 லீட்டர் விழுந்திருக்கிறது. இந்தக் கணக்கு மனதில் ஏறிவிட்டால் வடிகாலை யாரும் அலட்சியம் செய்யமாட்டார்கள்.

உங்கள் மண் எது?

எழுவான்கரையில், அதாவது கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று நீண்டு போகும் கரையில், மண் பெரும்பாலும் மணல். தண்ணீர் சட்டென்று இறங்கும், ஆனால் அதோடு சத்தும் இறங்கிப்போகும். இன்னொரு சங்கடம், மார்கழியில் கிணற்றுத் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும். அப்போது மணலாக இருந்தாலும் கீழே இறங்க இடமில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம், வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி போன்ற இடங்களில் வயலை ஒட்டிய வளவுகளில் களி கலந்த மண் அதிகம். அது சத்தைப் பிடித்து வைக்கும், தண்ணீரையும் விடாது.

பாத்தி எடுப்பதற்கு முந்தின மாரியிலேயே, மார்கழித் தொடக்கத்தில், இரண்டு நாள் மழை இல்லாத ஒரு காலையில், தோட்டம் போட நினைக்கும் இடத்தில் ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு குழி தோண்டுங்கள். அடியில் தானாகவே தண்ணீர் ஊறினால் நிலத்தடி நீர் மேலே நிற்கிறது என்று பொருள். ஊறாவிட்டால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். வற்றியிருந்தால் நல்லது. அப்படியே நின்றால் களி. இரண்டில் எது என்றாலும் பாத்தியை உயர்த்தத்தான் வேண்டும், எவ்வளவு என்பதுதான் வேறுபடும்.

பாத்தி: விதைக்கு முன் வடிகால்

பலர் விதை வாங்கிய பிறகுதான் மண்வெட்டியைத் தேடுவார்கள். நான் கார்த்திகை மழைக்கு முன்பே, ஐப்பசியில் பாத்தியை எடுத்துவிடுவேன். மழைக்குள் நனைந்த களியைக் கொத்தினால் அது கட்டியாகி, அந்த வருடம் முழுக்கத் திருந்தாது.

அகலம் மூன்று முதல் நான்கு அடி. இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கக்கூடாது. களி மண்ணில் ஓரடி உயரம். மணலில் ஆறு அங்குலம் போதும், அதற்கு மேல் உயர்த்தினால் பங்குனியில் பாத்தி காய்ந்து தூளாகும். தண்ணீர் ஊறிய குழி என்றால் மணலிலும் எட்டு, ஒன்பது அங்குலம் வேண்டும். நடுவே ஒன்றரை அடி நடைபாதை விடுங்கள், மழை நாளில் அதுவே வாய்க்கால். எல்லா நடைபாதையும் வளவின் தாழ்ந்த மூலைக்கு ஓட வேண்டும். பக்கத்து வீட்டுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடாதீர்கள். இதனால் வரும் மனக்கசப்பு வெள்ளம் வற்றிய பிறகும் வற்றாது.

மணல் வளவுக்காரருக்கு ஒரு வேலை கூடுதலாக உண்டு. பாத்தி எடுக்கும்போது ஓரடி ஆழத்தில் பொச்சுமட்டையைக் குழிவுப் பக்கம் மேலே பார்க்க ஒரு படையாக அடுக்கி மூடுங்கள். மாரியில் ஊறிக்கொள்ளும் மட்டை பங்குனி, சித்திரையில் வேருக்குத் தண்ணீர் கொடுக்கும். எங்கள் வளவில் இதைச் செய்த பாத்திக்கும் செய்யாத பாத்திக்கும் தண்ணீர் ஊற்றுவதில் ஏறக்குறைய ஒருநாள் வித்தியாசம் தெரிந்தது.

எரு சதுர மீட்டருக்கு இரண்டு கிலோவாவது வேண்டும், மணலுக்கு அதைவிடக் கூட்டலாம். மாட்டெருவோ ஆட்டெருவோ மக்கியிருக்க வேண்டும். கோழியெருவைப் புதிதாகப் போட்டால் வேர் வெந்துவிடும். ஐப்பசியிலேயே எல்லா எருவையும் போட்டுவிட வேண்டாம், மழை கழுவிக்கொண்டு போய்விடும். பாதியைப் பாத்தியோடு கலந்து, மீதியை நடுவதற்கு ஒரு கிழமை முன் போடுங்கள்.

நாற்று மூன்று தடவையாக

இதுதான் முறையின் உயிர்நாடி, ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

கத்தரி, கொச்சிக்காய், தக்காளி மூன்றும் நாற்றுப் போட்டு நடும் பயிர்கள். தக்காளி நாற்று மூன்று, நான்கு கிழமையில் தயாராகும். கத்தரிக்கு நான்கு, கொச்சிக்காய்க்கு நான்கைந்து கிழமை பிடிக்கும். வழக்கமாக எல்லோரும் ஒரே நாளில் எல்லா விதையையும் போடுவார்கள். நடும் நாளில் மழை வந்தால் முழுவதும் போச்சு. நடாமல் வைத்திருந்தாலும் நாற்று முற்றி, நட்ட பிறகு சோம்பிக் கிடக்கும்.

விதையை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பங்கை மார்கழி நடுவில் போடுங்கள், இரண்டாவதை ஆங்கிலப் புது வருடம் பிறந்ததும், மூன்றாவதைப் பொங்கல் கழிந்த கையோடு. மழை சீக்கிரம் விட்டால் முதல் பங்கு பாத்திக்குப் போகும். இழுத்துக்கொண்டே போனால் இரண்டாவது. நட்டதை வெள்ளம் கொண்டுபோனாலும் மூன்றாவது கையில் இருக்கும். விதையின் விலையோடு பார்த்தால் இது மிக மலிவான காப்பு. மிஞ்சும் நாற்றை அயலுக்குக் கொடுங்கள். எங்கள் ஒழுங்கையில் பாதி வீட்டுக் கத்தரி எங்கள் மூன்றாம் பங்கிலிருந்து போனவைதான்.

நாற்றை நிலத்தில் போடாமல் தூக்கி வைக்கக்கூடிய பாத்திரத்தில் போடுவதே இந்தக் காலத்துக்கு நல்லது. நாற்றுத்தட்டு கடையில் கிடைக்கும். யோகட் கோப்பையின் அடியில் மூன்று துளை போட்டாலும் அதே வேலை நடக்கும். தயிர்ச்சட்டிக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. அடியில் மெதுவாகத் துளையிட்டு அதில் விதை முளைக்க வைத்து, இரண்டு இலை விட்டதும் கோப்பைக்கு மாற்றலாம். காற்றும் மழையும் சேர்ந்து வரும் இரவில் எல்லாவற்றையும் விறாந்தைக்குள் தூக்கி வைக்கலாம் என்பதுதான் பெரிய பலன்.

மண் கலவை: சலித்த மேல்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு ஒரு பங்கு. களி மண் என்றால் அரைப் பங்கு மணலோ உமிக்கரியோ சேருங்கள். கலவையின் மேல் கொதிநீரை ஊற்றி ஆறவிட்டுப் பயன்படுத்தினால் நாற்றழுகல் வெகுவாகக் குறையும். நிலத்தில் பெரிய நாற்றுமேடை போடுகிறவர்கள், மேடையின் மேல் வைக்கோலும் உமியும் மாறிமாறிப் பரப்பிக் கொளுத்தும் பழைய முறையைச் செய்யலாம். மெதுவாக எரிய வேண்டும், சூடு மண்ணுக்குள் இறங்க வேண்டும்.

விதையை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழத்தில் போடாதீர்கள். முளைக்கும்வரை மேலே கொஞ்சம் வைக்கோல், முளை தெரிந்த அன்றே அதை எடுத்துவிட வேண்டும். எறும்பு விதையைக் காவிக்கொண்டு போகும், சட்டியைச் சுற்றிச் சாம்பல் தூவுங்கள். கம்பை வளைத்து மேலே தெளிவான பொலித்தீன் போடலாம், ஆனால் பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். மூடி வைத்தால் உள்ளே வேர்த்து, நாற்று அடித்தண்டில் நூல்போல மெலிந்து சாயும். அதுதான் நாற்றழுகல். வந்த சட்டியை மற்றவற்றிலிருந்து உடனே தள்ளி வையுங்கள். மார்கழி மாதத்தில் நாற்று தண்ணீர் இல்லாமல் செத்ததை விட, தண்ணீர் கூடிச் செத்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மேல்மண் காய்ந்தால் மட்டும், காலையில், பூவாளியால் தெளியுங்கள்.

நடுவதற்கு ஒரு கிழமை இருக்கும்போது தண்ணீரைக் குறைத்து, பகலில் பொலித்தீனை எடுத்து வெயிலும் காற்றும் படவிடுங்கள். என் மச்சாளும் அங்கே நாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வைத்துக் குளிருக்குப் பழக்குவாளாம். அவள் குளிருக்குப் பழக்குகிறாள், நாம் வெயிலுக்குப் பழக்குகிறோம்.

விதையைப் பற்றி ஒரு வார்த்தை. கொச்சிக்காயில் விவசாயத் திணைக்களத்தின் எம்.ஐ. 2, கே.ஏ. 2, கத்தரியில் தின்னவேலி ஊதா, தக்காளியில் திலின, பாகலில் தின்னவேலி வெள்ளை, வெண்டியில் எம்.ஐ. 5, ஹரித என்பவை விதை எடுத்து மறுபடி போடக்கூடிய இனங்கள். கலப்பின விதை காய் கூடக் கொடுக்கும், ஆனால் அதில் எடுத்த விதை தாய்ச்செடி மாதிரி வராது. வீட்டுத் தோட்டத்துக்கு முதல் வகையையே சொல்வேன்.

மழைக்குள்ளேயே சாப்பிடக் கிடைப்பவை

நாற்று வளரும்வரை பாத்தி சும்மா கிடக்க வேண்டியதில்லை. கங்குன், பொன்னாங்கண்ணி, வல்லாரை மூன்றும் ஈரத்தைத் தாங்கும், வளவின் தாழ்ந்த மூலையே அவற்றுக்குச் சரியான இடம். மழை இடைவெளி விட்டால் ஒரு பாத்தியில் முளைக்கீரை தூவுங்கள். மூன்று, நான்கு கிழமையில் பிடுங்கலாம், அழிந்தாலும் நட்டம் ஒரு பிடி விதைதான்.

நடும் நாள்

தைப்பொங்கல் கழிந்ததும் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். என் அம்மா சொல்வது, "அவசரப்படாத மகன், ஆத்துத் தண்ணி இறங்கட்டும்." நாங்கள் ஆறு என்பது வாவியைத்தான். அம்மாவின் பேச்சில் நல்ல நியாயம் இருக்கிறது. வாவியின் நீர்மட்டம் ஏறி நிற்கும்போது கரையோர வளவுகளின் நிலத்தடி நீரும் வடியாது. வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கிறதா, வெட்டி விட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய பிறகு கிணற்று நீர் இறங்குவதைக் கண்ணால் காணலாம். கிணற்றுக் கட்டில் ஒரு அடையாளம் போட்டு வைத்துக்கொண்டு, தண்ணீர் அதிலிருந்து இரண்டடி இறங்கிய பிறகே நான் நடுவேன். உங்கள் கிணற்றுக்கு இந்த அளவு வேறாக இருக்கலாம், ஒரு வருடம் கவனித்தால் தெரிந்துவிடும்.

அடுத்து மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து உருட்டுங்கள். தண்ணீர் கசிந்தாலோ, உருண்டை விரலால் குத்தியும் உடையாமல் களிபோல ஒட்டினாலோ பொறுங்கள். உருண்டையாகி, குத்தியதும் உதிர்ந்தால் நடலாம். வானிலைத் திணைக்களத்தின் அறிவிப்பில் விரிகுடாவில் தாழமுக்கம் என்று வந்தால், மண் சரியாக இருந்தாலும் அது கடக்கும்வரை தள்ளிப் போடுங்கள்.

இடைவெளி: கொச்சிக்காய் வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி. கத்தரி மூன்றடி, இரண்டடி. தக்காளி இரண்டரை அடி, ஏறக்குறைய இரண்டடி. நெருக்கி நட்டால் மழை நாளில் இலை காயாது, பூஞ்சை பிடிக்கும். பொழுது சாயும் நேரத்தில் நடுங்கள். கொச்சிக்காயும் கத்தரியும் நாற்றில் இருந்த ஆழத்திலேயே இருக்கட்டும். தக்காளியைக் கொஞ்சம் ஆழமாக நடலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும். மூன்று நாளைக்கு ஒரு துண்டுத் தென்னோலையோ வாழைத்தடலோ நிழலுக்குப் போதும்.

முதல் தடவையே எல்லாப் பாத்தியிலும் நட்டுவிடாதீர்கள். பாதியில் நடுங்கள். பத்து நாள் கழித்து மீதி.

வெண்டி, பயிற்றை, பாகல், புடோல், பீர்க்கு, பூசணியை நேரே நிலத்தில் ஊன்றலாம். நனைந்த குளிர்ந்த மண்ணில் விதை அழுகும், ஆகவே இவற்றையும் தை பிற்பகுதிக்கு முன் ஊன்றுவதில்லை. பந்தலைக் கொடி ஏறுவதற்கு முன்பே போடுங்கள்.

மழை திரும்பி வந்தால்

வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இரவில் கொட்டித் தீர்த்த மறுநாள் காலையில் முதல் வேலை மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போவது. செடியைத் தொட வேண்டாம், பாத்தியில் ஏற வேண்டாம். நனைந்த மண்ணை மிதித்தால் வேருக்குக் காற்றுப் போகாது. தேங்கிய தண்ணீர் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்து வெட்டி விடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றாலே தக்காளி வேர் பழுதாகத் தொடங்கும், கத்தரி அதைவிடக் கொஞ்சம் தாங்கும்.

தண்ணீர் இறங்கிய பிறகு சாய்ந்த செடியை நிமிர்த்தி அடியில் மண் அணையுங்கள். இலையில் ஒட்டிய சேற்றைக் கழுவி, மண்ணைத் தொடும் அடி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். மேல்மண் இறுகியிருந்தால் சின்னத் தோட்ட முள்ளுக்கரண்டியால் மெதுவாகக் கிளறுங்கள்.

அடுத்த நாள் வெயில் சுள்ளென்று அடிக்கும்போது செடி துவண்டு நிற்கும். இங்கேதான் பெரிய பிழை நடக்கிறது. தாகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிவிடுவோம். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் வேர் மூச்சு முட்டி நிற்கிறது, தண்ணீர் ஊற்றினால் செத்துவிடும். நிழல் கொடுத்து இரண்டு நாள் விடுங்கள், வேர் பிழைத்தால் மாலையில் நிமிரும்.

மாலையிலும் காலையிலும் நிமிராமல், இலை பச்சையாகவே இருந்து ஒரேயடியாக வாடினால் பக்டீரியா வாடல் என்று சந்தேகிக்க வேண்டும். தக்காளி, கத்தரி, கொச்சிக்காய் மூன்றுக்கும் வரும். அடித்தண்டை வெட்டி, வெட்டுப் பக்கத்தை ஒரு கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போல வெள்ளை நூல் இறங்கினால் அதுதான். மருந்தில்லை. வேரோடும் சுற்று மண்ணோடும் எடுத்து வளவுக்கு வெளியே அப்புறப்படுத்துங்கள், கூட்டெருக் குழியில் போடாதீர்கள். அந்த இடத்தில் இரண்டு மூன்று வருடத்துக்கு இந்த மூன்றையும் தவிர்த்து, வெண்டியோ சோளனோ வையுங்கள்.

பெருமழைக்குப் பிறகு, குறிப்பாக மணலில், செடி வெளிறிப் போவது சத்துக் கழுவப்பட்டதால். மண் கொஞ்சம் காய்ந்ததும் 10 லீட்டர் வாளிக்கு 50 கிராம் யூரியா கரைத்து வேரடியில் ஊற்றலாம், அல்லது ஊறவைத்த மாட்டெருத் தண்ணீரை நீர்க்கக் கலந்து விடலாம். நனைந்து நிற்கும் மண்ணில் பசளை போட்டுப் பயனில்லை.

ஆபிரிக்க நத்தையையும் சொல்லாமல் விடக்கூடாது. மழை ஈரத்தில் ஒரே இரவில் நாற்றுப் பாத்தியையே மொட்டையடித்துவிடும். இரவு எட்டு மணிக்குப் பிறகு டோர்ச்சோடு போய், கையுறையோ பொலித்தீன் பையோ மாட்டிப் பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம், அதில் நோய்க்கிருமி இருக்கலாம்.

மழை திடீரென நின்றுவிட்டால்

சில வருடம் இதற்கு நேர்மாறாக நடக்கும், மாசியிலேயே வானம் வெளுத்துவிடும். அப்போது மூடாக்குப் போடுங்கள். வைக்கோல், வாழைச்சருகு, பூவரசிலை, கிளிசறியா இலை என எது கிடைத்தாலும் இரண்டு, மூன்று அங்குலம் பரப்பி, தண்டைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விடுங்கள். மழை நிற்கும் முன் மூடாக்குப் போட்டால் நத்தைக்கு வீடு கட்டிக் கொடுத்ததுபோல ஆகிவிடும்.

மணலில் ஒரே தடவை நிறைய ஊற்றுவதை விடக் காலையும் மாலையும் கொஞ்சமாக ஊற்றுவது நல்லது. களியில் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். கரையோரக் கிணறுகள் சித்திரைக்குப் பிறகு உவர்க்கத் தொடங்கும். இலை ஓரம் கருகினால் முதலில் கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகியுங்கள். மோட்டரை நீண்ட நேரம் ஓடவிடாமல் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் இறைத்தால் உப்பு மேலேறுவது தாமதமாகும்.

வறண்ட காலத்தில் பூஞ்சை ஓயும், பூச்சி வரும். கொச்சிக்காய் இலை சுருண்டால் இலையின் அடியைப் பாருங்கள், பனிப்பூச்சியோ சிற்றுண்ணியோ வெள்ளை ஈயோ இருக்கும். முதலில் இலை அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். அடங்காவிட்டால் அரைக் கிலோ வேப்பம் பருப்பை இடித்து 10 லீட்டர் தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளியுங்கள். பாகல், புடோல் பிஞ்சைப் பழ ஈ குத்தும் முன் கடதாசிப் பையால் கட்டிவிடுங்கள். இதற்கு மேலும் சந்தேகம் என்றால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு கொப்பைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

கச்சானுக்கு முன்

வைகாசியில் கச்சான் தொடங்கினால் பூ உதிரும், இலை வறண்டு தொங்கும். அதற்கு வேலி இப்போதே வேண்டும். பங்குனியில் தோட்டத்தின் மேற்குப் பக்கம் இரண்டு வரிசை சோளன் ஊன்றுங்கள். காற்று எழும்பும்போது அது தலைக்கு மேல் நிற்கும், அவித்துத் தின்னக் கதிரும் கிடைக்கும். நிரந்தர வேலிக்குக் கிளிசறியாக் கம்பு நல்லது. மாரியில் நட்டால் தானாகவே வேர் பிடிக்கும், வெட்டும் இலை மூடாக்குக்கு ஆகும்.

கச்சான் முற்றுவதற்குள், சித்திரையிலேயே விதைக்கு ஆள் பார்த்துவிடுங்கள். மழையிலும் நின்று, இலை சுருளாமல், நன்றாகக் காய்த்த இரண்டு மூன்று செடிக்கு ஒரு துணிக் கீலம் கட்டி, அதில் காய் பறிக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். கொச்சிக்காய் செடியிலேயே பழுத்துச் சிவக்கட்டும், கத்தரி மஞ்சளாகட்டும். விதையை எடுத்துக் கழுவி நிழலில் காயவைத்து, அடுப்புச் சாம்பலோடு கலந்து காற்றுப் புகாத போத்தலில் போட்டு, வெளியே இனத்தின் பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். மார்கழி நடுவில் முதல் பங்குக்கு அந்தப் போத்தலைத்தான் திறப்பீர்கள்.